பேரெழுதாத பிராது

இல்ல தம்பி, பிராது கட்ட வரல. கட்டினத அவுத்துகினு போலாம்னு வந்திருக்கேன்.

தாளுல எழுதிச் சுருட்டி, இங்கதான் நூலால கட்டினேன். இதே வேடியப்பன் முன்னாடி, தோ அந்த ரெண்டாவது வேலுல. கார்த்தி தீபம் முடிஞ்சு வந்த செவ்வாக்கெழம. அன்னிக்கு உங்கப்பா இருந்தாரு. நீங்க அவரு பெரிய புள்ளையா? நெனைச்சேன், நெத்தி அப்பிடியே இருக்குது. அப்பாவுக்குக் கண்ணு ஆப்ரேசனா, திருப்பத்தூர்லயா? நல்லபடியா முடியட்டும். ஒரு வாரத்துக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தாம பாத்துக்கோங்க. எங்க வூட்டுக்காரருக்கும் பண்ணாங்க. மூணாம் நாளே ஏர் ஓட்டப் போறேன்னு கெளம்பின மனுசன் அவரு.

ஒக்கார்றேன். படி ஏறினதுல மூச்சு வாங்குது. சுகரு இருக்குது எனக்கு. அது பூசைக்கு இல்ல தம்பி, அந்தப் பிளாஸ்குல இருக்கறது அரிசிக் கஞ்சி. கீழ ஆட்டோவுல ஆளு இருக்குது, அதுக்கு. சூடாத்தான் இருக்கும், நீங்க பாட்டுக்குக் கேளுங்க.

தெரியும் தம்பி. உங்கப்பா அன்னிக்கே சொல்லிட்டாரு. கட்டறது சுளுவு. அவுக்கறதுன்னா கட்டினவங்களே வந்து, மொதல்லேர்ந்து நடந்தது அத்தனையும் சாமி காதுல வுழுற மாதிரி சொல்லணும், எதிராளி பேரு நோட்டுல ஏறணும், எதிராளியும் வந்திருக்கணும், அப்பதான் நூல அறுப்பேன்னாரு. சொல்றேன். சொல்லத்தான் வந்தேன். ஒண்ணே ஒண்ணு, நாளைக்குக் காலையில நான் வேலூரு போவணும். அதுக்குள்ள இது அவுந்தாவணும். அப்பா வரட்டும் பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.

எம்பேரு அமுதவல்லி. சந்தவாசல்லேர்ந்து மலையப் பாத்து ஒரு ரோடு போவுது இல்ல, அதுல ரெண்டு மைலு. ஒண்ணரை ஏக்கரா நெலம். பாதி சாமந்தி, பாதி மல்லாட்ட. எங்க வூட்டுக்காரரு அருணகிரி தவறி மூணு வருசம் ஆவுது. புள்ளைங்க ரெண்டு. பொண்ணு கீதாஞ்சலிய செங்கத்துல குடுத்திருக்குது. பையன் ஓசூர்ல கம்பெனியில சூப்பர்வைசரு. யாராவது கேட்டா ரெண்டும் நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிப் பழகிட்டேன்.

எங்க நெலத்துக்குக் கெழக்கால இருக்கறத ரெண்டு வருசம் முன்னாடி பெங்களூர்க்காரங்க வாங்கினாங்க. பிரகாஷ்னு ஒருத்தரு, அவரு சம்சாரம் சுவேதா. கம்பி வேலி போட்டு, வூடு கட்டி, வூட்ட சுத்திப் புல்லு வளத்தாங்க. மாடு தின்னாத புல்லு. அதுக்கு ரெண்டு வேளையும் தண்ணி காட்டறாங்க. அவங்ககிட்ட ஏழு நாயி. ரோட்டுல அடிபட்டது, யாரோ வேணாம்னு துரத்தினது, எல்லாத்தையும் தூக்கியாந்து வெச்சுகினு வளக்கறாங்க. நல்ல மனசுதான், அத நான் இல்லேன்னே சொல்லல. அதுல ஒண்ணுக்கு மூணு காலுதான். அதுகூட ஓடி வந்து வேலியாண்ட நின்னு என்னையே பாக்கும். நானும் ஒரு பிஸ்கோத்து போடுவேன். காசின்னு அவங்க வூட்டு வேலையாளு சொல்லுவாரு, போன வாரம் இதுக்குப் பொறந்த நாளுன்னு கேக்கு வெட்டினாங்கக்கா, நான் பொறந்த நாளு எங்கம்மாவுக்கே தெரியாதுன்னு. சொல்லிட்டு சிரிப்பாரு.

வரேன் தம்பி, விசயத்துக்குதான் வரேன்.

ஏழு நாயி கோழியும் சோறுமா தின்னா கழிக்கத்தானே செய்யும். மொத ஒரு வருசம் அவங்க எடத்துலயே குழி வெட்டி மூடிகினு இருந்தாங்க. போன ஆவணியிலேர்ந்துதான் எங்க பக்கம் வர ஆரம்பிச்சுது. காலையில செடிக்குத் தண்ணி கட்டப் போறேன், கெழக்கு மூலையில கருப்பா ஒரு கவரு, முடிச்சு போட்டுக் கெடக்குது. யாரோ உரம் கிரம் வாங்கினவங்க வெச்சுட்டு மறந்துட்டாங்கன்னு கையால தூக்கிட்டேன். அது பொத்துகினு பொடவை மேல... கோயில்ல அந்த வார்த்தைய சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே புரிஞ்சுக்கோங்க.

வேற எடத்துல போட்டிருந்தாகூட மனசு இவ்ளோ வலிச்சிருக்காது. அந்த மூலையில எங்க கன்னிமாரு இருக்காங்க. ஏழு கல்லு. கோயிலு, கட்டடம் ஒண்ணுமில்ல. ஒரு புங்க மரம், அடியில ஏழு கல்லு, அவ்ளோதான். நான் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து வெள்ளிக்கெழமயானா அந்தக் கல்லுங்களுக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சு, பறிச்சதுல மொதப் பூவ வெச்சு, அப்பறம்தான் மூட்டை கட்டறது. வெளியாளுங்களுக்கு அது சாமின்னு எப்பிடித் தெரியும்? எலை விழுந்து மூடிகினா அது வெறுங்கல்லுதான். தெரியாம போட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன். குளிச்சுட்டு வந்து மம்மட்டி எடுத்துக் குழி வெட்டிப் பொதைச்சேன். கல்லுங்கள கழுவி வுட்டு, மன்னிச்சுக்கோங்கம்மான்னு கும்புட்டேன்.

மறுநாளு ரெண்டு கவரு. அதுக்கு மறுநாளு மூணு.

எருவாவாது தம்பி. மாட்டுச் சாணின்னா நாமளே கையால அள்ளறோம், ஆட்டுப் புழுக்கைய தேடிப் போயி வாங்கறோம். இது கறி தின்ன வவுத்துலேர்ந்து வர்றது. புழு வைக்கும், ஈ மொய்க்கும். கால்நடை டாக்டரு ஒருத்தரு வந்தப்ப கேட்டேன், அத்த மிதிச்சா மனுசனுக்கும் பூச்சி ஏறும், பூச்செடி பக்கமே வேணாம்மான்னாரு. அந்த கவருங்க வேற மக்கறதே இல்ல. மழை பேஞ்சா உள்ள இருக்கறது அப்பிடியே கரைஞ்சு சாமந்திக் காலுல எறங்குது. பூவ மோந்து பாத்தாகூட அந்த வாடைதான் வர்ற மாதிரி இருக்கும் எனக்கு. அந்தப் பூவ எப்பிடி சாமிக்கு வைப்பேன்? ஐப்பசியில மொதப் பறிப்பு வந்துது. இத்தினி வருசத்துல மொத தடவையா கன்னிமாருக்குப் பூ வெக்காம மூட்டைய கட்டி அனுப்பினேன். அன்னிக்கு நான் சாப்புடல.

கூலிக்கு வர்ற செல்லம்மா ஒரு நா மிதிச்சுட்டா. நீங்க கோவிச்சுக்காதீங்க தம்பி, அவ சொன்னத சொல்றேன். பூப் பறிக்கக் கூப்புட்டியா, நாய்ப்பீ மிதிக்கக் கூப்புட்டியா, எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் குடு வரேன்னு கூடைய வெச்சுட்டுப் போயிட்டா. அவளோட சேந்து நாலு பேரு. நான் ஒண்டியா பூப் பறிச்சேன். பறிக்கறதுக்குள்ள பாதி செடியிலயே காய்ஞ்சுது.

கேட்டேனான்னா... காசிகிட்ட கேட்டேன். அந்த ஆளு நெலத்தப் பாத்துகினே, நான் இன்னாக்கா பண்ணுவேன், சொல்றத செய்யறேன், என்னய ஒண்ணும் கேக்காதன்னு நீல பக்கெட்ட தூக்கிகினு போயிட்டாரு. பஞ்சாயத்து ஆபீசுக்கும் போனேன். அங்க இருந்தவரு, இது ரெண்டு பட்டாதாருங்க சமாச்சாரம், ரெண்டு வூட்டுக்காரங்களும் பேசிக்கோங்கன்னாரு. நாயா கடிச்சுது, கடிச்சா வாங்கம்மான்னு பக்கத்துல ஒருத்தரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

நேரா அவங்க வூட்டுக்கே போயிருக்கலாம். அதத்தான் நீங்க கேக்கறீங்க. இப்ப நானும் என்னய அதத்தான் கேட்டுக்கறேன். ராவும் பகலும் கேட்டுக்கறேன். ஒரு வார்த்த. கேட்டைத் தட்டி, ஏம்மா இப்பிடி பண்றீங்கன்னு ஒரே ஒரு வார்த்த. ஆனா எனக்கு சண்ட போட வாய் வராது தம்பி. கொரலு ஒசந்தாலே கண்ணுல தண்ணி வந்துடும். அதுவும் இல்லாம, போன ஆடி மாசம் நான் வரப்புல மயங்கி விழுந்தப்ப என்னயத் தூக்கினது அந்த சுவேதாம்மாதான். நாயிங்க விடாம கத்தவும் வந்து பாத்திருக்காங்க. சக்கரத் தண்ணி கரைச்சு வாயில ஊத்தி, அவங்க கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி, என் போனுல நம்பரு தேடி எடுத்துப் பையனுக்கும் அவங்கதான் பேசினாங்க. அப்பிடிப்பட்டவங்ககிட்ட போயி உன் நாயி கழிச்சதுன்னு எந்த மொகத்தோட கேக்கறது?

பையன்கிட்ட சொல்லாமயா. அவன் ஒருநாள் வுட்டு ஒருநாள் போன் பண்ணுவான். சொன்னேன். அவங்களோட எதுக்கும்மா வம்பு, பேசாத, கேக்காத, கதவப் பூட்டிகினு இங்க வந்துடுன்னான். எதச் சொன்னாலும் அவனுக்கு அங்கதான் போய் முடியும். மழை வரலன்னு சொன்னாலும் வந்துடும்மான்னுவான்.

அதுக்குக் காரணம் இருக்குது தம்பி. எங்க வூட்டுக்காரரு செத்தது நெலத்துல. நான் அன்னிக்குப் பொண்ணு வூட்டுக்கு செங்கம் போயிருந்தேன். காலையில மோட்டாரு போடப் போனவரு மாரப் புடிச்சுகினு வரப்புலயே சாஞ்சிருக்காரு. யாரும் பாக்கல. மத்தியானம் ஆடு ஓட்டிகினு வந்தவங்கதான் பாத்தது. அதுக்குள்ள எறும்பு... பையன் ஓசூர்லேர்ந்து வந்து அந்த எறும்பத்தான் ஒண்ணொண்ணா தட்டி வுட்டான். அழுவல. தட்டி வுட்டுகினே இருந்தான். அப்பறம் நான் மயங்கி விழுந்தேன்னதும் பயந்துட்டான். உன்னயும் நான் அப்பிடிப் பாக்கணுமான்னு போனுல கேட்டான். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? கன்னிமாரு இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னேன். வூட்டுல ஒத்தையா ஒக்காந்து டிவி பாக்கறதுக்கு வரப்புலயே போயிடறது மேலுன்னேன். அவன் போன வெச்சுட்டான். அது போன ஆடியில.

பிராது கட்டச் சொன்னது செல்லம்மாதான். ஆபீசரு கேக்கலன்னா வேடியப்பன் கேப்பாரு, வில்லப் புடிச்சுகினு சும்மாவா நிக்கறாரு, ஒரு மண்டலத்துல தெரிஞ்சுடும் பாருன்னா. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், எழுத வரும். பேத்தி நோட்டுல கோடு போட்ட தாளு ஒண்ணக் கிழிச்சு, நீல பேனாவுல எழுதினேன். நாலு மூலையிலயும் மஞ்சத் தடவியிருக்கும். நீங்க தேடினா அதுதான் அடையாளம்.

எழுத ஒக்காந்தா யாரு பேர எழுதறது? பிரகாஷ் சாருன்னு எழுதினேன். அவரு பாதி நாளு பெங்களூர்ல இருக்கறாரு, அவருக்குத் தெரியுமோ தெரியாதோன்னு அடிச்சேன். சுவேதாம்மா பேர எழுத கை வரல, வாயில ஊத்தின சக்கரத் தண்ணிதான் ஞாபகம் வந்துச்சு. காசி, பாவம் கூலி ஆளு. தெரியாம ஒருத்தர் பேர எழுதி, தப்பு செய்யாதவங்க மேல போயி வுழுந்துட்டா அந்தப் பாவத்த நான் எங்க தொலைக்கறது? அதனால பேரே எழுதல. கொட்டச் சொன்னவங்க யாருன்னு சாமிக்குத் தெரியும்னு எழுதிட்டேன்.

உங்கப்பா ஒத்துக்கல. பேரு இல்லாம கட்டக்கூடாதும்மா, அது எங்க போயி நிக்கும்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாதுன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு. நான்தான் கையெடுத்துக் கும்புட்டு, யாரையும் சொம்மா பேரு சொல்ல என்னால முடியாது சாமி, அவரே பாத்துக்கட்டும்னு கேட்டு வாங்கிக் கட்டினேன். நல்லது பண்றதா நெனைச்சு பண்ணேன் தம்பி.

இன்னா எழுதினேனா? அதையும் சொல்லணும் இல்ல.

என் நெலத்துல கன்னிமாருக்கு முன்னாடி அசிங்கத்தக் கொட்டச் சொன்ன வாய்க்கு ஒரு வாய் சோறு எறங்கக் கூடாது.

அவ்ளோதான் எழுதினேன். சாவணும்னு எழுதல. கையி காலு போவணும்னு எழுதல. செல்லம்மா வம்சம் அறுந்து போவணும்னு எழுதுன்னா, சீ போடின்னுட்டேன். நான் அந்த மொதப் பறிப்பு அன்னிக்கு சோறு எறங்காம ஒக்காந்திருந்தேன் இல்ல, அந்தக் கஷ்டம் அவங்களுக்கும் ஒரு நாளு தெரிஞ்சா போதும், புத்தி வந்து நிறுத்திடுவாங்கன்னு நெனைச்சேன். கெட்டது நெனைச்சுப் பழக்கமில்ல எனக்கு. பழக்கமில்லாதவ நெனைச்சா எது எவ்ளோன்னு அளவு தெரியல.

கட்டிட்டுப் போயும் கவரு வந்துகினுதான் இருந்துச்சு. மார்கழி பூரா வந்துச்சு.

போகிக்கு மொத நாளு பையன் வந்தான். மருமவளும் புள்ளையும் பொங்கலுக்கு வரட்டும்னு அவன் மட்டும் முன்னாடி வந்துட்டான். காலையில வெளிச்சம் வந்ததும் நெலத்துப் பக்கம் போனவனக் காணோம்னு பாக்கப் போறேன், கன்னிமாராண்ட முட்டி போட்டு ஒக்காந்திருக்கான். எலையெல்லாம் தள்ளியிருக்கான். கவருங்க கல்லு மேலயே கெடந்துச்சு, ஒண்ணு ரெண்டு கிழிஞ்சு. பேண்டு சட்டையோட அத்தனையும் கையால பொறுக்கி எடுத்து, தொலைவா குழி வெட்டிப் பொதைச்சு, மோட்டாரு போட்டு பக்கெட்டு பக்கெட்டா தண்ணி மொண்டாந்து ஏழு கல்லையும் தேச்சுத் தேச்சுக் கழுவினான். நான் மஞ்சள எடுத்தாந்து குடுத்தேன். இங்கயாம்மா போட்டாங்கன்னு கேட்டான். ஆமாண்டான்னேன். மூலையில வேலியோரமா இல்ல போட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன், இவங்க மேலயான்னான். மொகமெல்லாம் தண்ணி. நான் அத பக்கெட்டுத் தண்ணின்னு நெனைச்சுகினேன். என் புள்ள கன்னிமாருக்கு அபிசேகம் பண்றான்னு எனக்கு மனசு ரொம்பிப் போச்சு. பாத்தியா, நான் பெத்தது வீண் போவலன்னு அவங்க அப்பாகிட்ட மனசுக்குள்ள சொன்னேன்.

அன்னியிலேர்ந்து கவரு வரல. ஒண்ணுகூட வரல. இன்னிக்கு வரைக்கும் வரல.

அதான் தம்பி, சண்ட முடிஞ்சுபோச்சு. பகை ஒண்ணும் இல்ல. அவங்க எடத்துலயே பெரிய தொட்டி கட்டி மூடி போட்டு வெச்சிருக்காங்க. செல்லம்மாகூட பூப் பறிக்க வந்துட்டா. எனக்கு ஒரு கொறையும் இல்ல. நூல அறுத்துடுங்க. அந்த மஞ்சத் தடவின தாளு, தோ அதுதான், அந்த செவப்பு பூட்டுக்குப் பக்கத்துல சுருட்டி இருக்குதே.

நோட்டா? எழுதிக்கோங்க. எழுதாம அவுக்கக் கூடாதுன்னு தெரியும்.

பிராது குடுத்தவங்க, அமுதவல்லி. ஊரு சொன்னேன் இல்ல.

எதிராளி... பிரகாஷ் இல்ல தம்பி. அடிச்சுடுங்க. சுவேதாவும் இல்ல. அவங்க ரெண்டு பேரு மேலயும் ஒரு தப்பும் இல்ல. கலையரசன்னு எழுதுங்க. தகப்பன் பேரு அருணகிரி.

எதிராளிக்கு இன்னா ஒறவுன்னு அந்தக் கட்டத்துல கேக்குதா? மகன்னு போடுங்க.

ஆமா. எம்மகன்தான்.

எழுதுங்க தம்பி, பேனாவ வெக்காதீங்க. மாட்டுப் பொங்கலன்னிக்குப் பொங்கலும் வடையும் எடுத்துகினு சுவேதாம்மா வூட்டுக்குப் போனேன். கவரு வரல இல்ல, அந்த சந்தோசத்துல மொத தடவையா கேட்டைத் தட்டினேன். அவங்க சொன்னாங்க, ஸாரி ஆன்ட்டி, கல்லுதான் சாமின்னு எங்களுக்குத் தெரியாது, உங்க பையன்தான் நேரா வந்து திட்டினாரு, திட்டிட்டு அவரே அழுதாருன்னு. போடச் சொன்னதும் அவருதான், அது இந்நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சோமேன்னாங்க. ஆவணியில அவன்தான் போன் பண்ணி சொல்லியிருக்கான். மயங்கி விழுந்தப்ப வாங்கின நம்பரு. எங்கம்மா ஒத்தையா கெடக்குது, எவ்ளோ கூப்புட்டும் வர மாட்டேங்குது, நீங்க உங்க நாய்க் குப்பைய எங்க கெழக்கு மூலையில வேலியோரமா போடுங்க, எம்பேர சொல்லாதீங்க, நாலு நாளு சுத்தம் பண்ணிப் பாத்துட்டு சலிச்சுப்போயி எங்கூட வந்துடும்னு. பட்டா அவன் பேருல இருக்குது. நெலத்துக்காரரே சொல்றாரேன்னு அவங்களும் போட்டாங்க.

என்னயக் காப்பாத்தத்தான் பண்ணான். வேற எதுக்கும் இல்ல. எறும்பு மொய்க்கக் கூடாதுன்னு பண்ணான்.

நான் அவன ஒண்ணும் கேக்கல. அவனும் சொல்லல. நான் பிராது கட்டினது அவனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க தம்பி. வேண்டுதல் இருக்குது, கூட வான்னுதான் கூட்டியாந்தேன். கீழ ஆட்டோவுல இருக்கறது அவன்தான். எதிராளி வந்திருக்கணும்னு உங்கப்பா சொன்னாரே, வந்துட்டான். படி ஏற முடியல, அதான் அங்கயே ஒக்கார வெச்சேன். போன வருசம் வரைக்கும் இந்தப் படிய ரெண்டு ரெண்டா தாண்டுவான்.

பொங்கலன்னிக்குதான் மொதல்ல சொன்னான், தொண்டையில இன்னாவோ நிக்குதும்மான்னு. பொங்கல்ல முந்திரி ஜாஸ்தி போட்டுட்டேன்னு நெனைச்சேன். அப்பறம் இட்லி நின்னுச்சு. அப்பறம் பெசஞ்ச சோறு. இப்ப ஒரு மாசமா சோறே எறங்கல அவனுக்கு. கஞ்சிதான், அதுவும் பாதி வெளிய வந்துடுது. இடுப்புல பேண்டு நிக்கல. நாளைக்கு வேலூர்ல வாயி வழியா கேமரா வுட்டுப் பாத்து சொல்றாங்களாம். எத்தினியோ பேருக்கு சாதாரணப் புண்ணாத்தான் இருந்திருக்குதாம், டாக்டரு சொன்னாரு. நானும் அப்பிடித்தான் நெனைக்கறேன். முடிஞ்சதும் அவன்கூட ஓசூரே போயிடறேன்னு சொல்லிட்டேன். நெலம் கெடக்குது. ஒத்தையா டிவி பாக்கச் சொன்னா பாத்துகினு ஒக்கார்றேன்.

கேமராவுக்கு முன்னாடி இந்த நூல மட்டும் அறுத்துடணும், அவ்ளோதான்.

நல்லா சுத்தியிருக்காரு உங்கப்பா. கத்தி இருக்குதா? கோடாலி முடிச்சு, கையால வராது.

அந்தத் தாள எங்கிட்ட குடுங்க. நான் தண்ணியில கரைச்சுடறேன். துன்னூறு கொஞ்சம் மடிச்சுக் குடுங்க தம்பி, போறேன். கஞ்சி ஆறிடும். ரெண்டு வாயாவது உள்ள போவுதான்னு பாக்கறேன்.